சுவரில் தொங்கும் ஒரே முக்கோணம் போதாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தப் பாலர் பள்ளிக்குள் நுழைந்தாலும் சுவரில் அந்தப் படம் இருக்கும். பந்து, அதற்கு நேரே வட்டம். பீட்சாத் துண்டு, அதற்கு நேரே முக்கோணம். கதவுக்குச் செவ்வகம், பரிசுப் பெட்டிக்குச் சதுரம். பெயர்கள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். பிள்ளைகள் வரிசையாக நின்று கையால் காட்டிக்கொண்டே ஒப்பிப்பார்கள், ஆண்டு இறுதி நிகழ்ச்சியில் அதைக் கேட்கும் பெற்றோருக்கும் பூரிப்பாகத்தான் இருக்கும். சரி, பெயர் வந்துவிட்டது. இப்போது மணிலா அட்டையில் நீளமாக, ஒல்லியாக, ஒரு பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி ஒரு முக்கோணத்தை வெட்டி அதே பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

"இது என்னம்மா?"

"கத்தி, டீச்சர்."

"முக்கோணமா இருக்குமோ?"

"இல்ல டீச்சர், முக்கோணம் இப்படி இருக்காது."

சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டும். பிள்ளை சொன்னதில் குற்றம் இல்லை. அதற்கு நாம் காட்டியது ஒரே முக்கோணம், மூன்று பக்கமும் சமமாக, அடி தட்டையாக, நுனி மேலே பார்த்தபடி. அந்த உருவத்துக்குத்தான் முக்கோணம் என்று பெயர் என்று அது நியாயமாகவே முடிவு செய்திருக்கிறது. படத்திலும் கோளாறு இருக்கிறது. பந்து வட்டம் இல்லை, உருண்டை. பீட்சாத் துண்டில் ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, அதனால் அது முக்கோணத்தில் சேராது. பரிசுப் பெட்டி கனச்சதுரம், அதன் ஒரு முகம்தான் சதுரம். நாலு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். நுணுக்கத்தைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதில்லை, தப்பாகச் சொல்லாமல் இருந்தாலே போதும்.

இந்த விஷயத்தை அமெரிக்காவில் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 1999-இல் டக்ளஸ் கிளெமென்ட்ஸ், சுதா சுவாமிநாதன், ஜூலி சராமா உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் பல வடிவங்கள் கலந்த தாளைக் கொடுத்து, குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் அடையாளம் போடச் சொன்னார்கள். வட்டத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது 92 விழுக்காடு, சதுரம் 82 விழுக்காடு. முக்கோணம் 60-க்கு இறங்கியது, செவ்வகம் 54. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். வட்டம் பெரிதாகும், சிறிதாகும், ஆனால் சாயல் மாறாது. சதுரமும் அப்படியே, திருப்பி வைத்தால் மட்டும் கொஞ்சம் குழப்பும். முக்கோணமும் செவ்வகமும் ஆளுக்கு ஆள் முகம் மாறுகிற கூட்டம், குட்டை, நெட்டை, ஒல்லி, சாய்ந்தது என்று எத்தனையோ. எதில் வகை அதிகமோ அதில்தான் ஒரே ஒரு மாதிரியைக் காட்டுவது அதிகமாகக் கெடுக்கிறது.

இதற்கு முன்பே, 1957-இல், நெதர்லாந்தில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே தம்பதி, வடிவக் கணிதத்தில் பிள்ளைகளின் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்று தங்கள் முனைவர் பட்ட ஆய்வுகளில் எழுதினார்கள். முதல் படியில் பிள்ளை மொத்த உருவத்தைத்தான் பார்க்கும். "கதவு மாதிரி இருக்கு, அதனால செவ்வகம்" என்று சொல்லும். அடுத்த படியில்தான் பக்கம், முனை என்று பகுதிகளைக் கவனிக்கும். வயது கூடினால் இந்தப் படி தானாக ஏறிவிடாது, என்ன அனுபவம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் படியில்தான் இருப்பார்கள், அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த படிக்குக் கால் வைக்க வேண்டியது கையில் கிடைக்கும் சாமான்களாலும் அதைச் சுற்றி நடக்கும் பேச்சாலும்தான், ஒப்பிப்பதால் இல்லை.

கை என்றதும் பலர் வரைவதையும் வண்ணம் தீட்டுவதையும் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பார்த்து வரைகிற திறன் தனி வேகத்தில் வளர்வது. பொதுவாக 3 வயதில் வட்டம் வரும், 4 வயதையொட்டிக் கூட்டல் குறி, அதன் பிறகு சதுரம், 5 வயதையொட்டி முக்கோணம். நிமிர்ந்து நிற்கும் சாய்சதுரம் 6, 7 வயதில்தான் ஒழுங்காக வரும். ஆக, நாலு வயதுப் பிள்ளை முக்கோணத்தைக் கோணலாக வரைந்தால் அதற்கு முக்கோணம் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை, விரல் இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான். பயிற்சித்தாளை வைத்து வடிவ அறிவை அளப்பவர்கள் பாதி நேரம் பென்சில் பிடிக்கிற திறமையைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, எதில் தொடங்குவது? என் கட்சி, கனவடிவத்தில் தொடங்க வேண்டும். இதைப் புதிதாக நான் சொல்லவில்லை. 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறுபிள்ளைகளுக்கான கூடத்தைத் தொடங்கி, பிறகு அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்த ஃபிரெடரிக் ஃபிரோபெல், பிள்ளையின் கையில் முதலில் கொடுத்தது நூலால் ஆன வண்ணப் பந்துகள். அடுத்தது மரத்தில் செய்த உருண்டை, உருளை, கனச்சதுரம். அதற்கடுத்து எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரிகிற கனச்சதுரம். தாளில் வரைந்த கோடு ரொம்பப் பின்னால்தான் வந்தது. அவர் இளவயதில் பெர்லினில் படிகக் கற்களை வகைப்படுத்தும் வேலை பார்த்தவர், அந்தக் கண் இந்தச் சாமான்களில் தெரிகிறது.

ஃபிரோபெல் கட்டைகளை இந்த ஊரில் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. காப்பிக் கடையில் கேட்டால் காலிப் பால் டின் கொடுப்பார்கள். டின்னைக் கழுவி, வெட்டிய விளிம்பில் கெட்டியான டேப் ஒட்டிவிடுங்கள், விரல் கிழியாது. அதைத் தரையில் உருட்டினால் ஓடும், நிமிர்த்தினால் நிற்கும். அடியைச் சாயத்தில் தொட்டுத் தாளில் பதித்தால் வட்டம் வரும். மேலே ஒட்டியிருக்கும் லேபிளைக் கவனமாகக் கத்தரித்து விரித்தால் செவ்வகம் வரும், இதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், எத்தனை தடவை செய்தாலும். வட்டமான டின்னுக்குள்ளிருந்து நேர்க்கோட்டு வடிவம் எப்படி வந்தது என்று சிலர் லேபிளைத் திரும்ப டின்னில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார்கள். அப்போது நாம் குறுக்கே போய் "இதுதான் செவ்வகம், சொல்லுங்க" என்று ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது.

காலை உணவு நேரமும் இதற்கு உதவும். நாசி லெமாக் பொட்டலத்தின் கூர்நுனியும் சாய்ந்த முகங்களும், கறிபாப்பின் பாதி வட்டமும், சமோசாவின் முனைகளும் எல்லாப் பிள்ளையும் கையில் பிடித்துப் பழகியவை. அப்புறம் காய்கறி. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டு வைத்தால் பெரும்பாலும் ஐந்து மூலை வரும்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டை இதில் தனி ரகம். முள்ளைச் சீவிவிட்டுக் குறுக்கே அறுத்தால் அந்த முகம் ஏறக்குறைய முக்கோணம். ஏறக்குறைய என்பதுதான் இங்கே பயன். பதித்த அச்சைப் பார்த்தால் மூலை மழுங்கியிருக்கும், ஒரு பக்கம் லேசாக உப்பியிருக்கும். "இது முக்கோணமா இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஐந்து வயதுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போடுவார்கள். மூலை கூர்மையா, பக்கம் நேரா என்று அவர்களாகவே பேசத் தொடங்குகிற இடம் அது. முக்கோணம் எது என்று தெரிவதற்கு, முக்கோணம் மாதிரி இருந்தும் முக்கோணமாகாதவை கூடவே இருக்க வேண்டும். ஒரு மூலை மூடாமல் விட்டது, ஒரு பக்கம் வளைந்தது, நுனி உருண்டது என்று அட்டையில் சிலவற்றை வெட்டிக் கலந்து வைப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வடிவப் பெட்டிகளில் பெரும்பாலும் இவை இருக்காது, அதே சமபக்க முக்கோணம்தான் நாலு நிறத்தில் இருக்கும்.

மரியா மாண்டிசோரி இந்த விஷயத்தில் கவனமாக இருந்தார். 1907-இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளிகளின் குடியிருப்பில் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தவர் அவர். அவருடைய வடிவப் பேழையில் முக்கோணத்துக்கென்றே ஒரு தட்டு உண்டு, அதில் விதவிதமான முக்கோணங்கள். பிள்ளை குமிழைப் பிடித்துத் தூக்கி, இரண்டு விரலால் விளிம்பைச் சுற்றித் தடவி, அதற்குரிய பள்ளத்தில் பொருத்தும். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே, கொஞ்ச காலம் கொடைக்கானலிலும், இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். நம் ஊர்களில் மாண்டிசோரி என்று பெயர்ப்பலகை மாட்டிய இடத்திலெல்லாம் அந்தப் பேழை இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சேர்க்கும்போது கேட்டுப் பாருங்கள்.

பேழை இல்லாவிட்டால் பழைய தலையணை உறை போதும். உள்ளே நாலைந்து அட்டை வடிவங்களைப் போட்டு, பார்க்காமல் கையை விட்டு ஒன்றைத் தடவச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்காமல் தொட்டு அறியும் சோதனையை ஜான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1940-களில் பிள்ளைகளிடம் செய்து எழுதியிருக்கிறார்கள். சிறு பிள்ளை பொருளை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைதான் விரலால் விளிம்பைத் தேடும் என்பது அவர்கள் கவனித்த ஒன்று. நம் பிள்ளைகளிடமும் இதை அச்சாகப் பார்க்கலாம். மூன்று வயதுத் தம்பி பிடித்த பிடியிலேயே "பிஸ்கட்" என்று சொல்லிவிடுவான். ஐந்து வயது அக்கா கண்ணை மேலே செருகிக்கொண்டு மெதுவாக விரலை நகர்த்துவாள்.

"பேரு சொல்ல வேணாம்மா, கையில என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

"குத்துது டீச்சர்."

"எத்தன இடத்துல குத்துது?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..."

முக்கோணத்தைத் தடவிக்கொண்டே அஞ்சுக்குப் போய்விடுவாள், ஏனென்றால் எந்த மூலையில் தொடங்கினோம் என்பது பைக்குள் தெரியாது. இதற்கு ஒரு சின்ன வழி, தொடங்கின மூலையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு மற்ற கையால் சுற்றி வரச் சொல்வது. மறுபடி கட்டைவிரலில் வந்து இடித்தால் நிறுத்தம். எண்ணிக்கை அதன் பிறகு சரியாக விழும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஈர்க்கு வேலை. தோட்டத்து ஊரில் ஈர்க்குக்குப் பஞ்சமே இல்லை, துடைப்பம் கட்டுகிறவர்களிடம் ஒரு பிடி கேட்டால் கொடுத்துவிடுவார்கள். விரல் நீளம், சாண் நீளம் என்று பல அளவில் ஒடித்து, கூர்நுனியை நறுக்கிவிட வேண்டும், கண்ணில் படாமல் இருக்க. கோதுமை மாவில் உப்பும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசைந்து கோலி அளவு உருண்டைகள் பிடித்து வையுங்கள். உருண்டைதான் மூலை, ஈர்க்குதான் பக்கம். மூன்று ஈர்க்கு, மூன்று உருண்டை என்று கொடுத்து "மூடின வடிவம் ஒன்று செய்" என்று சொல்லிவிட்டுப் பார்த்தால், ஆளுக்கொரு முக்கோணம் மேசையில் கிடக்கும். ஒன்றும் சுவர்ப் படத்தைப் போல் இருக்காது, ஆனால் எல்லாமே மூன்று ஈர்க்கு, மூன்று உருண்டை. ஒல்லி முக்கோணம் முக்கோணம்தானா என்ற சந்தேகம் அங்கேயே பாதி தீர்ந்துவிடும், தானே செய்ததைப் பிள்ளை மறுக்காது.

பிறகு வேண்டுமென்றே ஒரு சாண் நீள ஈர்க்கு ஒன்றும் விரல் நீளத்தில் இரண்டும் கொடுங்கள். சேராது. பிள்ளை இரண்டு சின்னதையும் எவ்வளவு இழுத்தாலும் நுனிகள் தொடாது. "டீச்சர், எட்டமாட்டேங்குது" என்று வரும். நீளமானதை வளைத்துப் பார்க்கும், மாவை ரப்பர் மாதிரி இழுத்துப் பார்க்கும். "எதை மாத்தினா எட்டும்?" என்று கேட்டால் ஒருவன் நீள ஈர்க்கைப் படக்கென்று ஒடிப்பான், இன்னொருத்தி சின்னதைப் போட்டுவிட்டுப் பெரியதை எடுத்து வருவாள். இரண்டு பக்கங்களின் கூட்டு நீளம் மூன்றாவதைவிட அதிகமாக இருந்தால்தான் முக்கோணம் மூடும் என்பதை இடைநிலைப் பள்ளியில் விதியாகப் படிக்கப் போகிறவர்கள், இங்கே அதைக் கையாலேயே முட்டி மோதிப் பார்த்துவிடுகிறார்கள். விதியைச் சொல்ல வேண்டாம். ஒடிக்க விட்டால் போதும்.

அடுத்தது நாலு ஈர்க்கில் சதுரம். மேசையில் இருக்கும்போது ஒழுங்காக இருக்கும், தூக்கினால் ஒரு பக்கம் சரிந்து சாய்சதுரமாகிவிடும். முக்கோணத்தைத் தூக்கினால் அப்படியே நிற்கும். சரிகிற சதுரத்துக்குக் குறுக்கே இன்னொரு ஈர்க்கைச் செருகினால் ஆட்டம் நின்றுபோகும், உள்ளே பார்த்தால் இரண்டு முக்கோணம். பழைய லயன் வீட்டுக் கூரைச் சட்டம், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக் கூடாரத்தின் மூலையில் குறுக்கே போட்ட கம்பி எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. அடுத்த சந்தைக்குப் போகும்போது காட்டலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாமானைக் கொட்டிவிட்டு "விளையாடுங்க கண்ணுங்களா" என்று ஆசிரியை மேசைக்குப் போய்விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கெல்லி ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 4, 5 வயதுப் பிள்ளைகளை மூன்று விதமாக நடத்திப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பெரியவர் விளக்கிச் சொன்னார், பிள்ளைகள் பார்த்துக் கேட்டார்கள். ஒரு கூட்டத்தை வடிவங்களோடு சுதந்திரமாக விளையாட விட்டார்கள். இன்னொரு கூட்டத்தோடு பெரியவர் துப்பறிவாளர் போலச் சேர்ந்து, வடிவங்களின் இரகசியத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக, கேள்வி கேட்டுக் கேட்டு நடத்தினார். வழக்கத்துக்கு மாறான, கோணலான வடிவங்களைச் சரியாக வகைப்படுத்தியதில் மூன்றாவது கூட்டம் முந்தியது. சுதந்திர விளையாட்டுக் கூட்டம் இதில் பின்தங்கியது. ஆக, கையில் சாமானும் வேண்டும், பக்கத்தில் கேட்கிற ஆளும் வேண்டும். "இதுவும் இதுவும் ஒரே குடும்பமா? எப்படித் தெரியும்?" என்ற இரண்டு கேள்வியை வைத்தே ஒரு காலைப் பொழுதை ஓட்டலாம்.

நம் நாட்டுப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமும் இதற்கு எதிராக இல்லை. கல்வி அமைச்சு 2010-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய கலைத்திட்டம் விளையாட்டு வழிக் கற்றலை வெளிப்படையாகவே சொன்னது. பிறகு ஏன் பிள்ளைகளின் பையில் பயிற்சி நூல் கனக்கிறது? பெற்றோர் கேட்கிறார்கள், அதனால் கொடுக்கிறார்கள். மாலையில் பையைத் திறந்தால் தாள் இருக்க வேண்டும், தாளில் நட்சத்திரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டணம் எதற்கு என்று தோன்றுகிறது. இதில் பாலர் பள்ளிகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஈர்க்குச் சதுரம் வீட்டுக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடும், அதை எந்தக் கோப்பிலும் கோக்க முடியாது. செய்ததைக் கைப்பேசியில் படம் எடுத்து, பிள்ளை சொன்ன ஒரு வரியையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முணுமுணுப்பு கொஞ்சம் குறையும்.

சதுரம், செவ்வகம் பற்றி ஒரு வார்த்தை. நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் செவ்வகம், அதில் நாலு பக்கமும் சமமாக இருந்தால் சதுரம், ஆக சதுரமும் செவ்வகத்தில் ஒரு வகைதான். பாலர் பள்ளியில் இதைப் புகுத்த வேண்டாம். ஆனால் "இது செவ்வகம் இல்லை, சதுரம்" என்று திருத்தாதீர்கள், பின்னால் பிடுங்க வேண்டிய முள்ளை நாமே குத்திவைத்த மாதிரி ஆகிவிடும். "ஆமா, பக்கமெல்லாம் சமமா இருக்கு பாரு, இதுக்குச் சதுரம்னு இன்னொரு பேரும் இருக்கு" என்றால் போகிறது.

உடம்பே வடிவமாகும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ரப்பர் பேண்டுகளைக் கோத்துக் கயிறாக்கித் தாண்டி விளையாடுவோமே, அதே கயிற்றின் இரண்டு முனையையும் முடிந்து வளையமாக்குங்கள். மூன்று பிள்ளைகள் உள்ளே நின்று முதுகால் இழுத்துப் பிடித்தால் முக்கோணம். ஒருவனை மட்டும் இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னால் முக்கோணத்தின் சாயல் மாறும், பெயர் மாறாது. நாலாவது ஆள் நுழைந்தால் நாற்கரம். மூன்று பேரும் ஒரே கோட்டில் நின்றால் வடிவமே காணாமல் போய்விடும், இதை ஒரு குறும்புக்காரப் பிள்ளை எப்படியும் கண்டுபிடித்துவிடும்.

எல்பில், கமுனிங் என்று தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. ரப்பர் போய்ச் செம்பனை நிறைந்து, பாதிப் பேர் டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டாலும், பள்ளி வேன் ஏதோ ஒரு செம்பனை வரிசையைத் தாண்டித்தான் போகிறது. அந்த மரங்களை வழக்கமாகச் சமபக்க முக்கோண அமைப்பில்தான் நடுகிறார்கள். 9 மீட்டர் இடைவெளியில் அப்படி நட்டால் ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரம் பிடிக்கும், அதே இடைவெளியில் சதுரக் கட்டமாக நட்டால் 123-தான். வெயில் எல்லா மட்டைக்கும் பங்காகக் கிடைப்பதும் அதில்தான். பெரிய பிள்ளைகளை அழைத்துப் போய் மூன்று மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிக் காட்ட ஆசையாகத்தான் இருக்கும். செய்யாதீர்கள், குலை வெட்டுகிற இடம், பாம்பும் உண்டு. வேன் போகும்போது சன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லிவிட்டு, பள்ளித் திடலில் நாற்காலிகளை அதே மாதிரி மூன்று மூன்றாக அடுக்கிக் கயிற்றைச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி இழுத்தால் நகரும், அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையை உட்காரவைக்க வேண்டும்.